காயலான் கடைக்குப் போன எஞ்சினை மறுபடி கட்ட எந்த வழி நல்லது?

பிரிட்டனில் 1948, 49 ஆண்டுகளில் ஏ1 என்ற வகையில் 49 நீராவி எஞ்சின்களைக் கட்டினார்கள். கிழக்குக் கரையோரப் பாதையில், லண்டனிலிருந்து வடக்கே போகும் விரைவு ரயில்களை இழுத்தவை. டீசல் வந்ததும் ஒன்றுவிடாமல் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். கடைசி ஏ1 ஓய்வு பெற்றது 1966-ல். அப்புறம் 42 வருடம் கழித்து, 2008 ஆகஸ்டில், டார்லிங்டன் ஊரில் ஒரு பழைய பட்டறையிலிருந்து ஐம்பதாவது ஏ1 தன் நீராவியிலேயே நகர்ந்து வெளியே வந்தது. பெயர் டொர்னேடோ, எண் 60163. பழைய வரிசை 60162-ல் நின்றிருந்தது. விட்ட இடத்திலிருந்து எண்ணைத் தொடர்ந்தார்கள்.

அதைப் பார்த்த பிறகு ரயில் பிரியர்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஏற்கெனவே தொடங்கியிருந்த குழுக்களுக்கு நம்பிக்கை வந்தது, புதிய குழுக்களும் கிளம்பின. இன்று பிரிட்டனில் மட்டும் அழிந்துபோன வகைகளைத் திரும்பக் கட்டும் முயற்சிகள் பத்துக்கு மேல். எல்லாவற்றையும் 'புதிதாகக் கட்டும் எஞ்சின்' என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கு வெவ்வேறு வழிகள் தெரிகின்றன. செலவு வேறு, காலம் வேறு, கடைசியில் கிடைக்கும் பொருளும் வேறு.

ஒரு சங்கம் இன்றைக்குத் தொடங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போகலாம்?

முதலில் பாய்லரைப் பேசுவோம்

இந்த மாதிரி விவாதங்களில் முதலில் எழும் கேள்வி, "எந்த வகை எஞ்சின்?" என்பதுதான். எனக்குப் பிடித்தது, என் அப்பா ஓட்டியது, பெயர் அழகாக இருப்பது என்று போகும். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பாய்லர் எங்கிருந்து வரும்?

நீராவி எஞ்சினின் மற்ற பாகங்களைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அடிச்சட்டத்துத் தகடுகளை ஒரு பட்டறையில் வெட்டலாம், சக்கரங்களை இன்னொரு வார்ப்புக்கூடத்தில் வார்க்கலாம், சிலிண்டரை வேறொருவர் கடைந்து தரலாம். பணம் வரவர ஒவ்வொன்றாகச் செய்து அடுக்கிவைக்கலாம். ஒன்று சரியாக வராவிட்டால் அதை மட்டும் திரும்பச் செய்யலாம். பாய்லர் அப்படி இல்லை. அது ஒரே பொருள், ஒரே பெரிய பில். ஏ1 மாதிரி எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்ட் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைப் போல 17 மடங்கு, உள்ளே நிற்கும். வெடித்தால் பக்கத்தில் இருப்பவர் பிழைக்க மாட்டார். அதனால் தகட்டுக்குச் சான்றிதழ், வெல்டிங்குக்குச் சான்றிதழ், வெல்டிங் செய்தவருக்கும் சான்றிதழ் என்று சட்டம் கெடுபிடியாக நிற்கிறது. கட்டி முடித்தபிறகும் விடாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய்களை உருவி, முழுசாகப் பரிசோதிக்க வேண்டும்.

பிரிட்டனின் அரசு ரயில்வே 1968 ஆகஸ்டில் நீராவியை முடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவ்வளவு பெரிய ரயில் பாய்லரைப் புதிதாகக் கட்டும் வேலை அங்கே கிட்டத்தட்ட நின்றேபோனது. டொர்னேடோ குழு கடைசியில் ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறைக்குப் போனது. முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதி அது. 1980-கள் வரை அங்கே நீராவி ஓடியதால் கைப்பழக்கம் அறுபடவில்லை.

நம் பொன்மலைப் பட்டறையிலும் இதே கதைதான். நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை எஞ்சின்களை அங்கே 2011-லிருந்து புதிதாகக் கட்டினார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை, பிறகு 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்று. எக்ஸ் வகை அழிந்த வகை இல்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த பழைய எஞ்சின்களும் இருந்தன, அவற்றைப் பழுது பார்த்த கைகளும் இருந்தன. அந்த வசதி இருக்கிற இடத்தில் புது எஞ்சின் கட்டுவது அரசுப் பட்டறையின் இன்னொரு வேலை ஆர்டர், அவ்வளவுதான். அது இல்லாத ஊரில்தான் இது பல வருடப் போராட்டமாகிறது.

சரி, இனி நான்கு வழிகள்.

ஒன்று: வரைபடத்திலிருந்து முழுசாக, புதிதாக

டொர்னேடோவின் வழி. அறக்கட்டளை தொடங்கியது 1990-ல். அடிச்சட்டத் தகடு வெட்டியது 1994-ல். பாய்லர் வந்து இறங்கியது 2006-ல். எஞ்சின் ஓடியது 2008-ல். பதினெட்டு வருடம், சுமார் 30 லட்சம் பவுண்ட்.

அவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, ஏ1-இன் வரைபடங்களில் பெரும்பகுதி யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது, பணம் திரட்டிய விதம். 'வாரத்துக்கு ஒரு குவளை பியர் விலை' என்று கேட்டார்கள். பெரிய புரவலர்களைத் தேடி அலைவதைவிட, சின்னத் தொகையை மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே எடுக்கும் ஏற்பாடு. ஒரு நல்ல வருடம், ஒரு மோசமான வருடம் என்ற ஏற்றத்தாழ்வு குறைகிறது. அடுத்த ஆறு மாதத்தில் கையில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்து ஆர்டர் கொடுக்க முடிகிறது. பாய்லர் மாதிரி ஒரே அடியில் வரும் செலவுக்கு மட்டும் அது போதவில்லை. ஆதரவாளர்களிடம் கடன்பத்திரம் விற்றுத் திரட்டினார்கள். பிறகு வந்த குழுக்கள் இந்த மாதச் சந்தாவைத்தான் காப்பியடித்தன, சரியாகவே.

அப்படியே பழையபடி கட்டினார்களா என்றால், இல்லை. அந்தக் காலத்து பாய்லர் ரிவெட் அடித்தது, இது முழுக்க வெல்டிங். அன்று கரி எரியும் உள்ளறை செம்பு, இன்று எஃகு. தண்ணீர்த் தொட்டி 5,000 கேலனிலிருந்து 6,200 கேலனாகப் பெருத்தது. முன்பெல்லாம் ஓடிக்கொண்டே, தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் நீள்தொட்டியிலிருந்து தண்ணீரை அள்ளிக்கொள்வார்கள். அந்தத் தொட்டிகளும் இல்லை, நிலையத்துக்கு நிலையம் இருந்த நீர்த்தூண்களும் இல்லை. மேலே மின்கம்பி வந்துவிட்டதால் உயரத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள். இதையெல்லாம் காட்டி "இது அசல் ஏ1 இல்லை" என்பவர்கள் உண்டு. 1960 வரை ஏ1 கட்டிக்கொண்டே போயிருந்தால் ரயில்வேயே இதில் பாதி மாற்றத்தைச் செய்திருக்கும் என்பது என் பதில். ஐந்து ஏ1-களில் அப்போதே உருளை பேரிங் போட்டுப் பார்த்தார்கள். டொர்னேடோவிலும் அதுதான் இருக்கிறது.

இந்த வழியின் பெரிய லாபம், யாருடைய பழைய எஞ்சினையும் தொட வேண்டாம் என்பது. எல்லாமே புதுசு, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. 2017 ஏப்ரலில் ஓர் இரவுச் சோதனை ஓட்டத்தில் டொர்னேடோ மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் தொட்டது. பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த அனுமதியை யாரும் கேட்கத் துணிய மாட்டார்கள்.

நஷ்டமும் உண்டு. புது பாய்லர் என்றால் தொல்லை இல்லை என்று அர்த்தமில்லை. ஓடத் தொடங்கி மூன்று வருடத்துக்குள், 2011-ல், அது பழுது பார்க்க மைனிங்கனுக்கே திரும்பிப் போனது. ரிவெட், செம்பு என்று நூறு வருடம் பழகிய முறையை விட்டு வெல்டிங், எஃகு என்று போனால், புது முறை எங்கே விரிசல் விடும் என்று ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2018 ஏப்ரலில் வழியிலேயே வால்வு இயக்கத்தில் பாகம் உடைந்து நின்றது. நடுவில் ஒளிந்திருக்கும் மூன்றாவது சிலிண்டர் பக்கம். மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் எந்தச் சங்கமும் அந்த நடு சிலிண்டருக்கு எட்டிப்பார்க்கவே கீழே பள்ளம் வெட்டிய ஷெட் வேண்டும் என்பதை மனதில் வைக்கலாம்.

பேட்ரியட் வகையில் ஒன்றைக் கட்டும் குழுவும் 2008-லிருந்து இதே வழியில் போகிறது, ஒரு வித்தியாசத்தோடு: பாய்லரை பிரிட்டனுக்குள்ளேயே கட்டச் செய்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவு எஞ்சின் அது, அதனால் உள்ளூரில் கட்ட வேண்டும் என்ற உணர்வு புரிகிறது. ஆனால் நான் இதை எழுதும்போது எஞ்சின் இன்னும் ஓடவில்லை.

இரண்டு: தோற்றுப்போன வடிவத்தைத் திருத்திக் கட்டுவது

டொர்னேடோவைக் கட்டிய அதே அறக்கட்டளை அடுத்து எடுத்துக்கொண்டது பி2. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து 1934-க்கும் 36-க்கும் இடையே கட்டிய ஆறே எஞ்சின்கள். சக்கர அமைப்பு 2-8-2 (முன்னே 2 சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் 8, பின்னே 2), நம் டபிள்யூஜி, ஒய்ஜி எஞ்சின்களின் அதே மிகாடோ அமைப்பு. ஆனால் நம்முடையவை சரக்குக்கு, அவர்களுடையது எடின்பரோவிலிருந்து அபர்தீனுக்குப் போகும் கனத்த பயணி ரயிலுக்கு. ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த பாதை. இழுவைக்குக் குறைவில்லை. வளைவுகளில் மட்டும் சிரமப்பட்டது, தேய்மானம் அதிகம், நடு சிலிண்டர் தள்ளும் கிராங்க் ஆக்சில் முறிந்த சம்பவங்களும் உண்டு. கிரெஸ்லி 1941-ல் இறந்ததும், அவருக்குப் பின் வந்த தாம்சன் ஆறையும் 1943, 44-ல் பிரித்து வேறு வகையாக மாற்றிவிட்டார்.

அதாவது பி2 என்பது முடிக்காமல் விட்ட வேலை. அதை முடித்துக் காட்டுகிறோம் என்று கிளம்பியதுதான் 2007 என்ற எண் போட்ட எஞ்சின் (பழையவை 2001 முதல் 2006 வரை). 1930-களில் இல்லாத கணினி இன்று இருக்கிறது. எஞ்சின் வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கு முன்பே கணக்கிட்டு, முன்சக்கர வண்டியை மாற்றி வடிவமைத்தார்கள். கிராங்க் ஆக்சிலில் எங்கே அழுத்தம் குவிகிறது என்று ஆராய்ந்து அதையும் மாற்றினார்கள். அடிச்சட்டம் 2014-ல் வந்தது. தொடக்கத்தில் போட்ட கணக்கே 50 லட்சம் பவுண்ட்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று நடக்கிறது. பென்சில்வேனியா ரயில்ரோட்டின் டி1, 52 எஞ்சின்கள், 4-4-4-4 என்ற விசித்திர சக்கர அமைப்பு, ரேமண்ட் லோவி வரைந்த கப்பல் முகப்பு போன்ற மூக்கு. வேகத்துக்குப் பெயர் போனது, சக்கரம் வழுக்குவதற்கும் வால்வு தொல்லைக்கும் அதே அளவு பெயர் போனது. 1956-க்குள் எல்லாம் பழைய இரும்பு. ஓர் அறக்கட்டளை ஐம்பத்துமூன்றாவதைக் கட்டுகிறது. 1938-ல் பிரிட்டனின் மாலார்ட் எஞ்சின் வைத்த மணிக்கு 126 மைல் வேகச் சாதனையை முறியடிக்கும் ஆசையும் அவர்களுக்கு இருக்கிறது.

எனக்கு இந்த வழியின்மேல் ஆசை அதிகம், நம்பிக்கை குறைவு. பொறியியலாக எடுத்துக்கொண்டால் நான்கில் இதுதான் சுவாரசியமானது. கிரெஸ்லியோடு எண்பது வருடம் கழித்து வாதம் செய்வதுபோல இருக்கிறது. ஆனால் திருத்தம் என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு பாகத்தை மாற்றினால் அதைத் தொட்டு நிற்கும் இரண்டு பாகம் மாறும், எல்லாவற்றுக்கும் புதிதாகக் கணக்குப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு எஞ்சினைக் கட்டி, அனுமதி வாங்கி, ஓட்டி, உடைத்து, சரிசெய்த குழுவுக்குத்தான் இது சரிப்படும். முதல் எஞ்சினாக இதை எடுக்கும் சங்கத்துக்கு நான் சந்தா கட்ட மாட்டேன்.

பி2-வில் நான் மனதாரப் பாராட்டும் முடிவு, பாய்லர்தான். டொர்னேடோவின் பாய்லர் வகையையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எஞ்சினுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

மூன்று: மிஞ்சிய எஞ்சினைப் பிரித்து வேறொன்றாக மாற்றுவது

சௌத் வேல்ஸின் பாரி ஊரில் வுட்ஹாம் சகோதரர்களின் காயலான் கடை இருந்தது. ரயில்வே விற்ற எஞ்சின்களை வாங்கிப் போட்டார்கள். சரக்கு வண்டிகளை உடைக்கும் வேலையே கையில் நிறைய இருந்ததால் எஞ்சின்களை உடைப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அந்தத் தாமதத்தால் 213 எஞ்சின்கள் பிழைத்தன. பிரிட்டனின் ரயில் பாரம்பரியத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கடைக்காரரின் அவசரமின்மைக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்தக் கடையிலிருந்து கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டி 1974-ல் எடுத்துக்கொண்டது 4942 மெய்ண்டி ஹால். ஹால் வகை அவர்களுக்கு வேண்டியது இல்லை. வேண்டியது செயின்ட் வகை: கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் வடிவமைப்பாளர் சர்ச்வர்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து, பிறகு வந்த பல பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு வழிகாட்டியாக நின்ற வகை. கடைசி செயின்ட் 1953-லேயே போய்விட்டது. ஆனால் ஹால் வகை பிறந்ததே ஒரு செயின்டிலிருந்து. 1924-ல் செயின்ட் மார்ட்டின் என்ற எஞ்சினின் பெரிய சக்கரங்களைக் கழற்றி 6 அடிச் சக்கரம் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து ஹால் வந்தது. டிட்காட் ஊரில் இருக்கும் தன் இடத்தில் இந்தக் குழு அதே வேலையைத் தலைகீழாகச் செய்தது. அடிச்சட்டத்தை மாற்றியமைத்து, 6 அடி 8½ அங்குலச் சக்கரங்களைப் புதிதாக வார்த்துப் பொருத்தினார்கள். பாய்லர் இரண்டு வகைக்கும் ஒன்றே. 2019-ல் 2999 லேடி ஆஃப் லெஜண்ட் ஓடியது.

அதே ரயில்வேயின் கிரேஞ்ச் வகைக்கும் இப்படி ஒரு முயற்சி 1998-ல் தொடங்கி 2024-ல் முடிந்தது: 6880 பெட்டன் கிரேஞ்ச். அடிச்சட்டம் புதுசு, பாய்லர் மட்டும் 7927 வில்லிங்டன் ஹால் என்ற பாரி எஞ்சினிலிருந்து. இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1936-லிருந்து கட்டிய அசல் 80 கிரேஞ்சுகளும் ஓய்வு பெற்ற வேறொரு வகையின் சக்கரங்களையும் இயக்கப் பாகங்களையும் போட்டுக் கட்டியவைதான். இடிக்கும் செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூண்களை வாங்கி புது வீட்டில் நிறுத்துகிற மாதிரி, அந்த ரயில்வேக்கு அது சாதாரண நடைமுறை.

வில்லிங்டன் ஹாலின் அடிச்சட்டம் என்ன ஆனது? அது 1014 கவுண்டி ஆஃப் கிளமார்கன் கட்டும் திட்டத்துக்குப் போனது. அந்த எஞ்சினுக்கு பாய்லர், 48518 என்ற 8எஃப் வகை எஞ்சினிலிருந்து. வேறு ரயில்வேயின் வகை என்றாலும் காரணம் உண்டு: போர்க்காலத்தில் கிரேட் வெஸ்டர்னின் ஸ்விண்டன் பட்டறை 8எஃப்களைக் கட்டியது, அந்தக் கருவிகளை வைத்தே பிறகு கவுண்டியின் பாய்லரை வடிவமைத்தது.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. மெய்ண்டி ஹாலைத் தியாகம் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஹால்கள் இன்னும் கைநிறைய இருக்கின்றன. 48518 வேறு. அது டான்காஸ்டர் பட்டறையில் கட்டிய 8எஃப். வகை அரிதில்லை, அந்தப் பிறப்பு அரிது. அது துருப்பிடித்த எலும்புக்கூடாகத்தான் கிடந்தது, யாரும் மீட்க வரவில்லை என்பது உண்மை. ஆனால் பாய்லரைப் பிடுங்கிய பிறகு இனி யாரும் வரவும் முடியாது. இந்த வழியில் போகும் சங்கம், கொடுக்கும் எஞ்சினைப் பற்றி முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பணம் மிச்சம், காலம் மிச்சம், பாய்லர் கையில், நாற்பது வருடமாகத் தெரிந்த அதன் குணம் கையில். இதற்கெல்லாம் ஈடாக ஒரு பழைய எஞ்சின் போகிறது. போவது எது என்பதைப் பொறுத்துத்தான் நான் சரி என்றும் வேண்டாம் என்றும் சொல்வேன்.

நான்கு: கிடைத்த பாய்லருக்கு எஞ்சின்

நான்கில் எனக்குப் பிடித்த கதை இது. 1986-ல் எசெக்ஸில் ஒரு மரக்கிடங்கில் பழைய ரயில் பாய்லர் ஒன்று கிடந்தது கண்ணில் பட்டது. எஞ்சின் போய் எத்தனையோ காலம் ஆகியும் பாய்லர் மட்டும் மர வேலைக்கு நீராவி கொடுத்துக்கொண்டு பிழைத்திருந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் அட்லாண்டிக் வகை எஞ்சினின் பாய்லர். அதற்கும் சசெக்ஸின் புளூபெல் ரயில்வேக்கும் என்ன சம்பந்தம்? மார்ஷ் என்பவர் கிரேட் நார்தர்னின் டான்காஸ்டர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு பிரைட்டன் பட்டறைக்குத் தலைவராக வந்தவர். வரும்போது பழைய இடத்து வடிவத்தையும் கொண்டுவந்தார். பிரைட்டனில் அவர் கட்டிய அட்லாண்டிக் எஞ்சின்கள் டான்காஸ்டர் எஞ்சின்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரிகள். அதனால் அந்த பாய்லர் பிரைட்டன் எஞ்சினுக்கும் பொருந்தும்.

பிரைட்டனின் எச்2 வகை ஆறு எஞ்சின்கள், 1911, 12-ல் கட்டியவை. கடைசி எஞ்சின் பீச்சி ஹெட் 1958-ல் போனது. புளூபெல் குழு 2000-ல் அடியிலிருந்து தொடங்கி, 2024-ல் பீச்சி ஹெட்டைத் திரும்ப ஓடவிட்டது. 24 வருடம். டொர்னேடோவைவிட அதிகம், எஞ்சினோ சின்னது. ஆனால் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில், சொந்தப் பட்டறையில், கையில் இருந்த பணத்துக்குத் தக்கபடி கட்டியது. எந்த உயிருள்ள எஞ்சினையும் பிரிக்கவில்லை. ஜெர்மனிக்கு ஆர்டர் கொடுக்கும் பதற்றமும் இல்லை.

இந்த வழியின் குறை, தேடிப் போனால் கிடைக்காது என்பதுதான். அதிர்ஷ்டத்தைத் திட்டமாக எழுத முடியாது. ஆனால் கிடைத்தால் அந்த பாய்லர்தான் எந்த வகையைக் கட்டுவது என்று முடிவு செய்கிறது. குழுவுக்குள் அந்தச் சண்டையே மிச்சம்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

பாய்லருக்கு அடுத்தது இந்தக் கேள்வி. பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் மணிக்கு 25 மைல்தான் வேகம், 40 கிலோமீட்டர். புளூபெல் பாதையின் மொத்த நீளமே 11 மைல். அங்கே ஓட ஆள் உயரத்தைத் தாண்டும் சக்கரங்கள் கொண்ட விரைவு எஞ்சின் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. பீச்சி ஹெட்டைக் கட்டியவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் கட்டியது தெற்கு இங்கிலாந்துக்குத் தொலைந்துபோன ஒரு முகம், அதற்கு 40 கிலோமீட்டர் போதும்.

பொதுப் பாதையில் ஓட்ட வேண்டுமென்றால் கணக்கே மாறுகிறது. தானாக பிரேக் பிடிக்கும் பாதுகாப்புக் கருவிகள், ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி, ரயில் வானொலி எல்லாம் வேண்டும். கிழக்குக் கரையோரப் பாதையில் ஈடிசிஎஸ் என்ற புது சிக்னல் முறை வருகிறது; சிக்னல் கம்பத்துக்குப் பதில் ஓட்டுநர் முன்னால் திரை. கரித்தூளும் அதிர்வும் நிறைந்த கேபினில் அந்தத் திரையை வைத்துப் பார்க்கும் வேலையும் டொர்னேடோவின் தலையில்தான் விழுந்தது. இதையெல்லாம் சமாளிக்க முதல் வழியில் கட்டிய புது எஞ்சின்தான் தோது. மூன்றாவது, நான்காவது வழி எஞ்சின்களை அங்கே கொண்டுபோவது வீண் செலவு என்பது என் எண்ணம். கரியும் இனி லேசில் கிடைக்காது. பிரிட்டனின் சுரங்கங்கள் கிட்டத்தட்ட எல்லாம் மூடிவிட்டன, பெரிய எஞ்சின் என்றால் பெரிய பில்.

இன்னொரு வாசலும் இருக்கிறது: குறுகிய பாதை எஞ்சின். டெவனில் இருந்த லின்டன்–பார்ன்ஸ்டபிள் பாதை 1935-ல் மூடிய பிறகு லூ என்ற எஞ்சினை பிரேசிலுக்குக் கப்பலேற்றினார்கள். அப்புறம் அது என்ன ஆனதென்று தெரியவில்லை. அதே வகையில் லிட் என்ற எஞ்சினை வேல்ஸின் பாஸ்டன் லாட்ஜ் பட்டறை 2010-ல் முடித்தது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து ஐ-கே வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2009-ல் மைனிங்கனில் புதிதாக ஒன்று பிறந்தது. பாய்லர் சின்னது, எடை குறைவு, வேலை தினமும் இருக்கிறது. பெயரும் புகழும் குறைவு என்பதால் பணம் கேட்பது கொஞ்சம் கடினம்.

"புதுசு கட்டும் காசில் துருப்பிடித்துக் கிடக்கும் அசல் எஞ்சின்களைச் சரி செய்யலாமே" என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பாரியிலிருந்து வந்த சில எஞ்சின்கள் இன்னும் காத்திருக்கின்றன. ஆனால் இந்தப் பணம் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை. ஏ1-க்காக மாதம் கொடுப்பவர், ஏ1 இல்லையென்றால் பன்னிரண்டாவது ஹாலுக்குக் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.

என் தேர்வு

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1960-களில் பள்ளிச் சிறுவர்களாகப் பிளாட்பாரத்தில் நின்று எண் குறித்தவர்கள்தான் இந்தத் திட்டங்களின் பணமும் கையும். அவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 24 வருடத் திட்டத்தை அவர்களிடம் விற்பது கஷ்டம், நியாயமும் இல்லை.

அதனால் இன்றைக்குத் தொடங்கும் சின்னச் சங்கத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, இரண்டு நிபந்தனைகளோடு. கொடுக்கும் எஞ்சினின் வகையில், அதே பட்டறையில் பிறந்தவை பத்தாவது மிஞ்சியிருக்க வேண்டும். அதன் பாய்லர் வருகிற எஞ்சினுக்கு மாற்றமில்லாமல் பொருந்த வேண்டும். லேடி ஆஃப் லெஜண்ட் இரண்டையும் நிறைவேற்றுகிறது, கவுண்டி முதலாவதில் இடறுகிறது. யாராவது ஒரு மரக்கிடங்கில் பாய்லர் கிடக்கிறது என்று போன் செய்தால், மூன்றை விட்டுவிட்டு உடனே நான்குக்குத் தாவிவிடுவேன்.

முதல் வழி, பெரிய சங்கத்துக்கு. பொதுப் பாதையில் ஓட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு. அப்படியானால் அடிச்சட்டத்தை வெட்டிப் படம் எடுத்துப் போடுவதற்கு முன்பே பாய்லருக்கு விலை கேட்டு, கடன்பத்திரம் விற்கும் திட்டத்தையும் எழுதிவைத்துக்கொள்ளட்டும். இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே ஓடும் ஒரு புது எஞ்சினின் பாய்லரையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படியான வகை கிடைத்தால், என் வரிசையில் முதல் வழி மேலே ஏறிவிடும். வரைபடமும் சான்றிதழும் தயார், அதைக் கட்டிய பட்டறைக்குத் தன் தவறுகளும் தெரியும். எந்த வகை அப்படிப் பொருந்தும் என்று யார்க்கில் வரைபடங்களைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆள் போதும், அதற்குச் செலவும் அதிகமில்லை.